கெட்ட சேதி முதலாளி ரூமுக்கு வர எத்தனை நாள் ஆகுது?

"மேடம், நம்ம கம்பெனில கல்ச்சர் சரியில்லீங்க, ஒரு நாள் ட்ரெய்னிங் போட்டு விட்ருங்க." கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் ஹெச்.ஆர் கன்சல்டிங் பண்றவங்க எல்லாருக்கும் இந்த போன் வந்திருக்கும். கூப்பிடறவங்க மனசுல இருக்கறது என்னன்னா ஒரு ஓட்டல் ஹால், பலூன் உடைக்கற கேம், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் எல்லாரும் ஒரே கலர் டீசர்ட்ல குரூப் போட்டோ, அப்புறம் ரிசப்ஷன்ல பிரேம் போட்டு விஷன், மிஷன், வேல்யூஸ். இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்றதில்ல, பிரியாணி யாருக்குத்தான் புடிக்காது. ஆனா தேதி குறிக்கறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட ஒண்ணு கேப்பேன்: உங்க கம்பெனில கடைசியா நடந்த பெரிய தப்பு என்ன, நடந்து எத்தனை நாள் கழிச்சு உங்களுக்குத் தெரிஞ்சுது, யார் வந்து சொன்னாங்க?

பெரும்பாலும் வர்ற பதில், "நம்மகிட்ட சரக்கு வாங்கற பையர் மெயில் போட்டப்புறம்தாங்க தெரிஞ்சுது." அதாவது ஃப்ளோர்ல பாதிப் பேருக்கு அது ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தெரியும், காசு போட்டு கம்பெனி நடத்தற மனுசனுக்குத்தான் கடைசியா தெரியுது. எனக்கு கல்ச்சர்னா இதுதாங்க. கெட்ட சேதி கொண்டு வர்றவனுக்கு உங்க கம்பெனில என்ன நடக்குது, அவன் அடுத்த தடவை வாயத் திறப்பானா மாட்டானா.

திருப்பூர்ல அடிக்கடி நடக்கற ஒரு விஷயத்தையே எடுத்துக்குங்க. சாயம் போடற டையிங் யூனிட்ல இருந்து துணி வருது. டேபிள்ல ரோல் விரிக்கறப்பவே கட்டிங் மாஸ்டர் கண்ணுக்கு ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் ஷேடு லேசா மாறுதுன்னு தெரிஞ்சிரும். நேவி புளூ மாதிரி டார்க் கலர்ல எல்லாம் டியூப் லைட் வெளிச்சத்துல சட்டுனு தெரியாது, வெளிய எடுத்துட்டுப் போய் பகல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். அப்பவே ரோலையெல்லாம் ஷேடு வாரியா பிரிச்சு தனித்தனியா வெட்டி பண்டில் கலக்காம பாத்துக்கிட்டா பிரச்சனையே இல்ல, அரை நாள் போகும், அவ்வளவுதான். கலந்து வெட்டிட்டா முன்பக்கம் ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. அது தைச்சு, செக்கிங் தாண்டி, அயர்ன் பண்ணி, பெட்டி போட்டு, பையரோட ஆளு ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்து நிக்கறப்போ மாட்டும். அப்புறம் மறுபடி துணி, மறுபடி தையல், அதுக்குள்ள கப்பல் போயிருக்கும், ஃப்ளைட்ல அனுப்பணும், அந்தக் காசு பூரா நம்ம தலையில.

ஒரு யூனிட்ல நான் பக்கத்துல நின்னுட்டு இருக்கறப்பவே இது நடந்துச்சு. மாஸ்டர் ரெண்டு துணித்துண்டைக் கையில புடிச்சுக்கிட்டு ஃபேக்டரி மேனேஜர்கிட்ட வந்தாரு. "அண்ணா, ஷேடு மாறுதுங்ணா." மேனேஜர் துணியப் பாக்கவே இல்ல. "வெள்ளிக்கிழமை கன்டெய்னர்னு தெரியுமா தெரியாதா? ஷேடு பாக்கச் சொல்லி உன்ன யாராச்சும் கேட்டாங்களா? வெட்டற வேலைய மட்டும் பாரு." மாஸ்டர் ஒண்ணும் சொல்லல, துண்டை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு போயிட்டாரு. சுத்தி இருந்த ஹெல்பர் பசங்க, லேயர் போடற பொண்ணுங்க எல்லாரும் இதப் பாத்துட்டுதான் இருந்தாங்க. நீங்க எத்தனை ட்ரெய்னிங் வச்சாலும் அன்னைக்கு அவங்க படிச்ச பாடத்த அழிக்க முடியாது.

இதுல மேனேஜர் கெட்டவர்னு நான் சொல்ல வரல. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு முதலாளி அவருக்கு போன் பண்ணி கேக்கறது ஒரே கேள்விதான், "இன்னைக்கு எத்தனை பீஸ்?" இன்னைக்கு என்ன பிரச்சனை வந்துச்சு, யார் கண்டுபுடிச்சாங்கன்னு அந்த போன்ல ஒரு நாளும் கேட்டதில்ல. மேல கேக்கற கேள்வி என்னவோ அதுதான் கீழ வரைக்கும் இறங்கும்.

இதச் சொன்னா சில முதலாளிங்க சிரிப்பாங்க. "மேடம், எனக்குத் தெரியாம அங்க ஒரு ஈ பறக்காது, உள்ள நம்ம ஆளு இருக்கான்." அந்த ஆளு யாருன்னு கம்பெனில எல்லாருக்கும் தெரியும்ங்கறது தனி காமெடி. போட்டுக்குடுக்கற ஆளு மூலமா வர்றது எல்லாமே ஆளுங்களப் பத்தின சேதி, யார் யாரோட டீ குடிச்சாங்க, யார் வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போனாங்க, யார் உங்களப் பத்தி என்ன பேசுனாங்க. மெஷின் சத்தம் மாறுது, துணி ஷேடு மாறுது, ஒரே நீடில் திரும்பத் திரும்ப உடையுது, இந்த மாதிரி வேலையப் பத்தின சேதி அவன்கிட்ட இருந்து வரவே வராது. இன்னும் மோசம் என்னன்னா இப்படி ஒரு ஆள வச்சிருக்கற வரைக்கும் மத்தவங்க உங்க ரூமுக்கு வரமாட்டாங்க, வந்தா அவனுங்களும் ஜால்ரா லிஸ்ட்ல சேந்துருவாங்கன்னு பயம்.

"நம்ம ஊர் லேபர் அப்படித்தாங்க"ன்னு சொல்றவங்களுக்காகவே நான் எப்பவும் சொல்ற ஒரு உதாரணம் அமெரிக்காவோடது. கலிபோர்னியால ஃப்ரீமான்ட்ங்கற ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் கார் பிளான்ட் ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப மோசமான பேரு, ஒரு நாளைக்கு அஞ்சுல ஒருத்தர் வேலைக்கே வரமாட்டாங்க, லைன் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிக்கக் கூடாது, கோளாறான வண்டியா இருந்தாலும் அப்படியே போகணும், அப்புறம் யார்டுல நிறுத்தி சரி பண்ணிக்கலாம்னு. 1982ல மூடிட்டாங்க. 1984ல டொயோட்டாவும் ஜி.எம்மும் சேந்து அதே கட்டடத்துல நம்மி (NUMMI)ங்கற பேர்ல திறந்தாங்க, ஆளுங்க பெரும்பாலும் அதே பழைய ஆளுங்க, அதே யூனியன். மாறுனது என்ன? லைன் ஓரமா ஒரு கயிறு. தப்பப் பாத்தா யார் வேணா இழுக்கலாம், இழுத்தா டீம் லீடர் ஓடி வந்து என்ன உதவி வேணும்னு கேப்பாரு, ஏன் இழுத்தேன்னு திட்டமாட்டாரு, சரியாகலன்னா லைனே நிக்கும். கொஞ்ச காலத்துலயே வேலைக்கு வராதவங்க ரெண்டு பர்சென்ட் பக்கத்துல இறங்கிட்டாங்க, வண்டியோட குவாலிட்டி டொயோட்டாவோட ஜப்பான் பிளான்ட் கூட ஒப்பிடற அளவுக்கு வந்துச்சு. இப்ப அந்த பிளான்ட் டெஸ்லா கையில இருக்கு. இத மாதிரியே கயிறு கட்டிட்டா போதும்னு நினைச்சவங்களும் உண்டு, ஜி.எம்மே அதோட மத்த பிளான்ட்கள்ல இத கொண்டு போக வருஷக்கணக்கா திணறுச்சு. இழுத்தவன திட்டற மேனேஜர் இருக்கற இடத்துல கயிறு சும்மா தொங்கும்.

இதுக்கு நேர் எதிர் அமெரிக்காவோட வெல்ஸ் ஃபார்கோ பேங்க். ஒரு கஸ்டமருக்கு எட்டு ப்ராடக்ட் விக்கணும்னு டார்கெட், தினமும் பல தடவை மேனேஜர்கிட்ட கணக்கு சொல்லணும். முடியாத ஊழியர்கள் கஸ்டமருக்குத் தெரியாமலே அக்கவுண்ட் திறந்தாங்க. 2016 செப்டம்பர்ல 185 மில்லியன் டாலர் அபராதம் வந்தப்போ பேங்க் சொன்னது, தப்பு பண்ணின சுமார் 5,300 பேர வேலைய விட்டு அனுப்பிட்டோம்னு. 5,300 பேர்னா அது ஊழியர் தப்பாங்க? அங்க புகார் சொல்றதுக்கு தனி போன் லைன் இருந்துச்சு, வேல்யூஸ் புத்தகம் இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. தப்ப எடுத்துச் சொன்னதுக்காக வேலை போச்சுன்னு புகார் கொடுத்த ஒரு மேனேஜர திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி 2017ல அமெரிக்க தொழிலாளர் துறையே உத்தரவு போட வேண்டியிருந்துச்சு.

சரி, என்னதான் பண்ணச் சொல்றேன்னு கேப்பீங்க. முதல்ல அந்த ராத்திரி போன மாத்துங்க. பீஸ் கணக்கு ஷீட்லயே வந்துரும், நீங்க கேக்க வேண்டியது இன்னைக்கு எது ஒர்க் ஆகல, யார் சொன்னாங்கன்னு. சொன்னவங்க பேரு தெரிஞ்சா மறுநாள் ஃப்ளோர்ல போய் அவங்ககிட்ட நேரா ரெண்டு வார்த்தை பேசுங்க, அவங்க சொன்னதுக்கு என்ன பண்ணினோம்னு சொல்லுங்க, பண்ண முடியலன்னா ஏன் முடியலன்னு சொல்லுங்க. பரிசு, கிஃப்ட் கூப்பன்லாம் இதுக்கு அப்புறம்தான்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். எல்லா கம்பெனிலயும் ஒரு சூப்பர்வைசர் இருப்பாரு, வேலைல கில்லாடி, வாயத் திறந்தா கெட்ட வார்த்தை, ஆனா ப்ரொடக்ஷன் எடுத்துக் குடுத்துடுவாரு, அதனால முதலாளி கண்டுக்க மாட்டாரு. இல்லன்னா பர்ச்சேஸ்ல மச்சான் உக்காந்திருப்பாரு, அவர யாரும் கேள்வி கேக்க முடியாது. இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் விஷயத்துல நீங்க முடிவெடுக்காம சுவத்துல 'மரியாதை, நேர்மை'ன்னு எழுதி மாட்டறது வேஸ்ட்டுங்க. கில்லாடி சூப்பர்வைசர மெஷின் மெயின்டனன்ஸ், சாம்பிள் மாதிரி ஆளுங்கள மேய்க்காத வேலைக்கு மாத்தலாம், சம்பளம் குறைக்க வேண்டாம். மச்சான என்ன பண்றதுன்னு எனக்கு சொல்லத் தெரியும், வீட்டுல நீங்கதான் பேசணும்.

அப்புறம் இந்த "நாம எல்லாம் ஒரே குடும்பம்" வசனம். எனக்கு இது கொஞ்சம் அலர்ஜி. ஓவர்டைமுக்கு (ஓ.டி) டபுள் சம்பளம்னு தொழிற்சாலைச் சட்டத்துல 1948லயே எழுதியாச்சு, இன்னும் சிங்கிள் ரேட்ல ஓ.டி குடுத்துட்டு ஆயுத பூஜை அன்னைக்கு பொரி கடலையோட குடும்பம்னு பேசினா கேக்கறவங்க மனசுல என்ன ஓடும்? பேஸ்லிப்ப சரியா குடுங்க, சம்பளத்த சொன்ன தேதிக்குப் போடுங்க, பி.எஃப் பிடிச்சா கட்டுங்க, தீபாவளி போனஸ் எவ்வளவுன்னு கடைசி வாரம் வரைக்கும் இழுக்காதீங்க. இதுல ஏமாத்தறவர்கிட்ட யாரும் துணி ஷேடப் பத்தி வந்து சொல்லமாட்டாங்க.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்து வேலை செய்யற பசங்களுக்கு உங்க சூப்பர்வைசர் பேசற பாஷையே புரியாது, அவங்களுக்கு எல்லாமே அவங்க கான்ட்ராக்டர்தான், அவன் எதை மேல சொல்றானோ அதுதான் சேதி. காலைல ஷிப்ட் ஆரம்பிக்கறப்போ நடக்கற பத்து நிமிஷ மீட்டிங்ல இந்தி, ஒடியா தெரிஞ்ச ஒருத்தர நிறுத்துங்க, கான்ட்ராக்டர் ஆளா இல்லாம உங்க ஆளா. செலவு பெருசா ஒண்ணும் இல்ல.

பொம்பளைங்க அதிகமா வேலை பாக்கற யூனிட்கள்ல இன்னொண்ணு பாக்கறேன். 2013 சட்டப்படி பத்துப் பேர் இருந்தாலே பாலியல் புகார் விசாரிக்க உள் கமிட்டி இருக்கணும், தலைமை ஒரு சீனியர் பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியில இருந்து ஒருத்தர். போர்டு மாட்டியிருப்பாங்க, ஆனா தலைவி யாருன்னு பாத்தா வேலைக்கே வராத முதலாளியோட சம்சாரம், டெய்லர் பொண்ணுகிட்ட கேட்டா அவங்கள கல்யாண பத்திரிகை குடுக்க வந்தப்போ பாத்ததோட சரிங்கறாங்க. அவங்ககிட்ட போய் லைன் சூப்பர்வைசரப் பத்தி யார் சொல்லுவா? ஆடிட் டீம் வர்றதுக்கு முந்தின நாள் எல்லாருக்கும் என்ன பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுக்கற வழக்கம் வேற இருக்கு, பொய் சொல்ல கம்பெனியே ட்ரெய்னிங் குடுத்துட்டு, அப்புறம் நேர்மை எங்கன்னு தேடறோம்.

நம்மூர்ல முடியாதுன்னு இல்ல. சென்னை பாடில இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998லயே குவாலிட்டிக்காக ஜப்பான் குடுக்கற டெமிங் பரிசு வாங்குச்சு, இந்தியால அத வாங்கின முதல் கம்பெனி அதுதான். அந்தப் பரிசுக்குப் பாக்கறதுல ஒண்ணு, ஃப்ளோர்ல நிக்கற ஆளு வரைக்கும் பிரச்சனைய எடுத்துச் சொல்லி சரி பண்றதுல இருக்காங்களான்னு.

"எத்தனை மாசத்துல மாறும் மேடம்?"னு கடைசியா எல்லாரும் கேக்கறாங்க. நீங்க உண்மையாவே கேக்க ஆரம்பிச்சா முதல் சில மாசம் நிலைமை மோசமாகற மாதிரிதான் தெரியும். ரிஜெக்ஷன் நம்பர் ஏறும், புகார் ஏறும், இத்தனை நாள் மேஜைக்கு அடியில கிடந்ததெல்லாம் மேல வரும். பாதி முதலாளிங்க இந்த இடத்துலதான் பயந்து, அந்த ரிப்போர்ட்ட கையில வச்சுக்கிட்டு மேனேஜரக் கூப்பிட்டு சத்தம் போடறாங்க, அடுத்த மாசமே நம்பர் அழகா இறங்கிடுது, ஷேடு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.