ஸ்டட்டர்: திக்கலா, திணறலா?

கணினி விளையாட்டில் எது கெட்டாலும் அதற்கு 'லேக்' என்று பெயர் வைத்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காட்சி கண்ணிமைக்கும் நேரம் உறைந்தாலும் லேக். ஆட்டம் முழுவதும் மந்தமாக ஊர்ந்தாலும் லேக். இணைய இணைப்பு இழுத்தடித்தாலும் லேக். உண்மையில் லேக் என்பது கட்டளைக்கும் விளைவுக்கும் நடுவே விழும் தாமதம் மட்டுமே. மவுஸை அழுத்திய பிறகு துப்பாக்கி சற்றுப் பிந்தி வெடித்தால் அது லேக். தமிழில் சுணக்கம் என்றால் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற இரண்டும், அதாவது காட்சி உறைவதும் ஆட்டம் ஊர்வதும், வேறு கோளாறுகள். பெயர் பிசகினால் செலவும் பிசகும். நினைவகம் போதாத கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, அதே தடங்கலைக் கூடுதல் அழகோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டில் முதலாவது ஸ்டட்டர். ஆங்கிலத்தில் இது பேச்சைக் குறித்துப் பிறந்த சொல். 'ஸ்டட்' என்ற பழைய வினையோடு, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் ஈறு சேர்ந்து உருவானது. ஜெர்மன் மொழியில் ஷ்டோட்டர்ன், டச்சு மொழியில் ஸ்டோட்டரன் என்று உறவுச் சொற்கள் இதற்கு உண்டு. இவற்றின் அடியில் கிடக்கும் பொருள் முட்டுதல், இடித்தல். பேச்சு போகிற போக்கில் எதிலோ முட்டி நின்று, கிளம்பி, மறுபடி முட்டுவதே ஸ்டட்டர். விட்டுவிட்டு ஓடும் எஞ்சினுக்கும் ஜெர்மானியர்கள் இதே வினையைச் சொல்வார்கள். ஆகவே இயந்திரத்துக்கு இச்சொல் புதிதல்ல.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. திக்குதல், தெற்றுதல், கொன்னுதல், குழறுதல் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. தெற்றுதல் இன்று தெற்றுப்பல்லோடு ஒதுங்கிவிட்டது. கொன்னுதல் ஏறக்குறைய அகராதிக்குள் போய்விட்டது. குழறல் என்றால் சொற்கள் தெளிவில்லாமல் ஒன்றோடொன்று கலப்பது. திரையில் படம் சிதைந்து தெரியும் கோளாறுக்கு வேண்டுமானால் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் நின்று நின்று தொடர்வதைச் சொல்லத் திக்கல்தான் சரி. திசையைக் குறிக்கும் திக்கு வடமொழி வழி வந்த வேறொரு சொல், அதோடு இதற்கு உறவில்லை. மனிதர்களைக் கேலி செய்யத் 'திக்குவாய்' என்ற சொல் நிறையப் பயன்பட்டிருப்பதால், கணினிக்கு அந்த 'வாய்' வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டாவது கோளாறு பிரேம் ரேட் சரிவு. திரையில் அசைவாகத் தெரிவது அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களே. அந்த ஒவ்வொரு படமும் ஒரு பிரேம், கலைச்சொல்லாகச் சட்டகம். சட்டம் என்றே விட்டிருந்தால் நீதிமன்ற வாடை அடித்திருக்கும். ரேட் என்பதற்குச் சிலர் விகிதம் என்று எழுதுகிறார்கள். விகிதம் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. ஒரு வினாடிக்கு எத்தனை என்பது வீதம். ஆகவே சட்டக வீதம். பேசும் படங்கள் வந்ததிலிருந்து திரைப்படத்துக்கு இது வினாடிக்கு 24 என்று நிலைத்துவிட்டது. விளையாட்டில் 60 என்பது பலரும் வைக்கும் இலக்கு. அதாவது ஒரு சட்டகத்தை வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. 30 போதும் என்றால் 33.3 கிடைக்கும்.

திக்கலை மறைத்து வைப்பதே இந்த வீதம்தான். ஒரு வினாடியில் 57 சட்டகங்கள் தலா 16 மில்லி வினாடியில் வந்து, ஒன்றே ஒன்று மட்டும் 88 மில்லி வினாடி எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 58 சட்டகங்கள். திரை மூலையில் ஓடும் எண் 58 என்று பெருமையாகக் காட்டும். ஆடுகிறவரோ வளைவில் வண்டியைத் திருப்பும்போது காட்சி உறைந்து சுவரில் மோதியிருப்பார். 2011இல் ஸ்காட் வாசன் என்பவர் 'தி டெக் ரிப்போர்ட்' தளத்தில், சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு சட்டகமும் எடுத்த நேரத்தை அளக்க வேண்டும் என்று விரிவாக எழுதிய பிறகுதான் சோதனையாளர்களின் பார்வை மாறியது. இன்று பிரசென்ட்மான், கேப்பிரேம்எக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அந்த நேரத்தைக் கோடாக வரைந்து காட்டுகின்றன. கோடு தாழ்வாக ஓடி, இடையிடையே முள்ளாகக் குத்திட்டு எழுந்தால் திக்கல்.

முள்ளே இல்லாமல் கோடு முழுவதும் 25 மில்லி வினாடியில் சமமாக ஓடினால் வீதம் 40. இங்கே எதுவும் முட்டி நிற்கவில்லை. சுமை தாங்காமல் மூச்சு வாங்குகிறது, அவ்வளவே. இதற்குத் திணறல் என்ற சொல்லைத் தரலாம். 'திக்கித் திணறி' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய இரண்டும் இரண்டு வேறு அனுபவங்கள். கணினி அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது.

சிக்கனக் கணினியில் திக்கலுக்கு முதல் காரணம் பெரும்பாலும் நினைவகம். 8 ஜிபி ரேமில் இயங்குதளமும் திறந்து கிடக்கும் பிரவுசரும் தம் பங்கை எடுத்துக்கொண்டால், விளையாட்டின் தகவலில் ரேமில் இடம் கிடைக்காத மிச்சம் வட்டுக்கு ஒதுங்கும். அந்த வட்டு சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்துவிட்டால், ஒரு தகவலைத் தேடிப் போகவே சுமார் 10 மில்லி வினாடி பிடிக்கும். ஒரு சட்டகத்தின் முழு ஆயுளே 16.7 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பினாலும் இதே கதை. வழிந்தது, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக ரேமுக்குப் போய்வர வேண்டும். 2022இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் நினைவகம் 4 ஜிபி, பாதையோ நான்கே தடம். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அந்தத் தடங்களின் வேகமும் பாதியாகும். இப்படிப்பட்ட கார்டுகளில், பொருள்களின் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரின் தரத்தை ஒரு படி இறக்கினாலே முள் மறைவதைப் பார்க்கலாம். நிழல், புல், தண்ணீர் எல்லாவற்றையும் குறைத்துக் காட்சியைப் பாலைவனமாக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் ஷேடர். ஒளியும் நிழலும் ஒரு பரப்பில் எப்படி விழ வேண்டும் என்று கணக்கிடும் சிறு நிரல் இது; 1988இல் பிக்சார் வெளியிட்ட ரெண்டர்மேன் வரையறை இப்பெயரைப் பரவலாக்கியது. 'நிழலி' என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். அது நிறத்தையும் ஒளியையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஷேடர் என்றே இருக்கட்டும். உங்கள் கார்டுக்கு ஏற்ற வடிவில் அது தொகுக்கப்பட, அதாவது கம்பைல் செய்யப்பட, வேண்டும். அந்தத் தொகுப்பை ஆட்டத்தின் நடுவே, முதல் வெடிப்பு நிகழும் கணத்தில் செய்யும் விளையாட்டுகள் உண்டு. சோதிப்பது எளிது: அதே தெருவில் அதே வேகத்தில் இரண்டாம் முறை போங்கள். முதல் முறை மட்டும் திக்கினால் ஷேடர். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்த பிறகு பழைய தொகுப்பு செல்லாததாகி மீண்டும் தலைகாட்டும். அதற்காகப் பதற வேண்டாம். இரண்டாம் முறையும் அதே இடத்தில் திக்கினால் வட்டையோ நினைவகத்தையோ சந்தேகிக்கலாம்.

திணறலுக்கு விசாரணை இன்னும் சுருக்கம். காட்சியின் புள்ளி எண்ணிக்கையான ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வீதம் ஏறினால் திணறியது கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் பிராசசர். தொடக்கத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்துச் சரிந்தால் வெப்பம். சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் அடைத்த தூசியும், இரண்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவதும் சிப்பைத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வைக்கின்றன. தனி கார்டு இல்லாத கணினியில் படம் வரையும் வேலைக்கும் ரேமே நினைவகம் என்பதால், ஒற்றை ரேம் மட்டும் செருகியிருப்பது பெரிய இழப்பு. டிடிஆர்4-3200 வகை ரேமில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு பாதைக்கு, வினாடிக்கு 25.6 ஜிபி தகவல் போகும். இணையாக இரண்டைச் செருகினால் 51.2. கார்டு இருந்தும் வீதம் படுமோசமாக இருந்தால் மானிட்டர் கேபிளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதை மதர்போர்டில் செருகிவிட்டுப் புதிய கார்டைத் திட்டுபவர்கள் குறைவில்லை.

எதைச் செய்தும் வீதம் 42க்கும் 60க்கும் இடையில் ஊசலாடினால், அமைப்புகளில் வீத வரம்பு வைக்கலாம். வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 என்று பூட்டினால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரண்டு புதுப்பிப்புகளுக்கு நிற்கும். 40 இப்படிச் சமமாகப் பங்கிட வராது. அதற்கு 120 ஹெர்ட்ஸ் திரையோ, கார்டின் வேகத்துக்கேற்பத் தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் திரையோ வேண்டும். அத்தகைய திரைகளும் திணறலைத்தான் மழுப்பும். 88 மில்லி வினாடி முள் அங்கேயும் குத்தும்.