கடைசி வரியிலிருந்து வாசியுங்கள்

ஹட்டனில் வார இறுதி வகுப்புகளில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பித்து வருகிறேன். பாடத்திட்டத்தில் பைத்தான் என்ற நிரலாக்க மொழி இருப்பதால், காணொளியைப் பார்த்து, விளையாட்டுகள் எழுத உதவும் பைத்தான் தொகுப்பான பைகேமில் சிறு விளையாட்டொன்றை எழுதிப் பார்க்கும் ஆசை பலருக்கு எழுகிறது. ஆனால் திரையில் பிழையைச் சொல்லும் சிவப்பு எழுத்துகள் தோன்றியதும் அவற்றை வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள்.

அண்மையில் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி, "சேர், பைகேம் பழுதாகிவிட்டது" என்றாள். மூன்று முறை அதை நீக்கி மீண்டும் நிறுவியிருந்தாள். தீர்வு தேடிக் காணொளிகள் பார்த்ததில் அப்பாவின் தொலைபேசி டேட்டாவும் தீர்ந்திருந்தது. பைகேமைத் தொடக்கிவைக்கும் 'இனிட்' என்ற ஒன்றே அதில் இல்லை என்று பிழைச்செய்தியின் கடைசி வரி சொன்னது. உண்மையில் அவள் தன் நிரலையே 'பைகேம்.பை' என்ற பெயரில் சேமித்திருந்தாள். தொகுப்பை நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் கட்டளை வந்ததும் பைத்தான், நிரல் இருக்கும் கோப்புறையில்தான் முதலில் தேடும் என்பதால், நிறுவிய பைகேமை விட்டுவிட்டு அவளுடைய கோப்பையே எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றியதும் நிரல் ஓடியது.

பிழைச்செய்தியின் கடைசி வரி பிழையின் வகையைச் சொல்லும். அதற்கு மேலுள்ள வரிகள் கோப்பையும் வரி எண்ணையும் காட்டும். வரி எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அடைப்புக்குறியை மூட மறந்தால், பழைய பதிப்புகள் பெரும்பாலும் அடுத்த வரியையே குற்றஞ்சாட்டும். 2021இல் வெளிவந்த 3.10 பதிப்பிலிருந்துதான் எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று பைத்தான் நேராகச் சொல்கிறது. பழைய கணினிகளில் படிப்பவர்கள் காட்டப்பட்ட வரிக்கு மேலுள்ள வரியையும் பார்க்க வேண்டும். வரியின் தொடக்கத்தில் விடும் உள்தள்ளலில் டேபையும் இடைவெளியையும் கலப்பதும் அடிக்கடி காணும் தவறு. நிரல் எழுதும் எடிட்டரில் டேப் விசையை நான்கு இடைவெளிக்கு அமைத்துவிட்டால் அத்தொல்லை பெருமளவு குறையும்.

எந்தச் செய்தியும் தராத பிழைகளே என்னை அதிகம் அலைக்கழித்தவை. சாளரம் திறந்து கறுப்பாகவே நின்றால், வரைந்ததைத் திரைக்கு அனுப்பும் 'ஃபிளிப்' கட்டளை விடுபட்டிருக்கலாம், அல்லது உள்தள்ளல் தவறி, மீண்டும் மீண்டும் ஓடும் சுழற்சிக்கு வெளியே போயிருக்கலாம். சாளரம் உறைந்து, பதிலளிக்கவில்லை என்று விண்டோஸ் அறிவித்தால், சுழற்சிக்குள் விசை அழுத்தல் போன்ற நிகழ்வுகளைப் பெறும் 'இவென்ட்.கெட்' இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய வேளைகளில் சந்தேகமுள்ள இடங்களில் திரையில் ஒரு சொல்லைக் காட்டும் பிரின்ட் கட்டளையை இட்டால், நிரல் எதுவரை போனது என்பது தெரிந்துவிடும்.

உதவி கேட்கும்போது பிழைச்செய்தி முழுவதையும், கோப்பின் பெயரையும், பைத்தான் பதிப்பையும் அனுப்புங்கள். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.