கரைந்த கொழுப்பு எந்த வழியாக வெளியே போகிறது?

ராத்திரி படுக்கும் முன் எடை மெஷினில் ஏறி எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குக்கூடப் போகாமல், நேராக வந்து மறுபடி ஏறுங்கள். சில நூறு கிராம் குறைந்திருக்கும். முதல்முறை இதைப் பார்த்தபோது மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து, இடம் மாற்றி வைத்து, மறுபடி ஏறி, கடைசியில் பேட்டரியையே மாற்றினேன்; எண் மாறவில்லை. எட்டு மணி நேரம் கட்டையாகக் கிடந்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. அந்த எடை எங்கே போயிருக்கும்?

மூச்சிலும் தோல் வழியாகவும் போயிருக்கிறது. விடும் மூச்சு ஒவ்வொன்றிலும் ஈரம் இருக்கிறது (கண்ணாடியில் ஊதினால் படிகிறதே, அதே ஈரம்), தோலிலிருந்தும் நமக்குத் தெரியாமலே நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. குறைந்ததில் பெரும்பங்கு இந்த நீர்தான். கூடவே கொஞ்சம் கார்பனும் போயிருக்கிறது. உடம்பு இளைப்பது என்பது பெரும்பாலும் இந்தக் கார்பனின் கணக்கு.

கொழுப்பு உருகி வியர்வையாக வழிகிறது என்பதுதான் பலருடைய மனதில் இருக்கும் படம். கொஞ்சம் படித்தவர்களைக் கேட்டால் 'சக்தியாக மாறிவிடுகிறது' என்பார்கள். ரெண்டுமே தவறு. சிட்னியில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியை 150 பேரிடம் கேட்டார்கள், அத்தனை பேரும் மருத்துவர்கள், உணவு ஆலோசகர்கள், உடற்பயிற்சி சொல்லித்தருபவர்கள்; அவர்களிலேயே பெரும்பாலானவர்கள் சொன்ன பதில் 'சக்தி' என்பதுதான். 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த இருவரும் போட்டுக் காட்டிய கணக்கு இது: 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கொழுப்பு மூலக்கூறில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், அவ்வளவுதான். நீங்கள் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜன் ரத்தத்தோடு செல்லுக்குள் போய், அங்கே கொழுப்பு படிப்படியாகப் பிரிக்கப்பட்டு, கடைசியில் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் தண்ணீராகவும் முடிகின்றன. வழியில் வெளிப்படும் சக்தியில்தான் இதயம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது. அணு ஒன்றுகூடக் காணாமல் போவதில்லை. உள்ளே வந்த அத்தனையும் ஏதோ ஒரு வாசல் வழியாக வெளியே போயாக வேண்டும். தொப்பைக்கு அந்த வாசல் மூக்கு.

அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாமா? முடியாது. தலைதான் சுற்றும். எவ்வளவு கார்பன் வெளியே போக வேண்டும் என்பதை நுரையீரல் முடிவு செய்வதில்லை, செல்கள் எவ்வளவு எரிக்கின்றன என்பதுதான் முடிவு செய்கிறது. வெறுமனே இரைக்க இரைக்க மூச்சு விட்டால், ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த கார்பன் டை ஆக்சைடு முன்கூட்டியே காலியாகும், அவ்வளவுதான். உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வியர்வையில் போனதை அடுத்த பாட்டில் தண்ணீர் திருப்பித் தந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் பெரிதாக அசையாமல் இருந்தாலே ஒரு நாளில் மூச்சு வழியாகச் சுமார் 200 கிராம் கார்பன் வெளியேறுகிறது. அதில் ஒரு மணி நேரத்தை மிதமான ஓட்டமாக மாற்றிக்கொண்டால் கூடுதலாகப் போவது 40 கிராம்போல. சர்க்கரையின் எடையில் 42 சதவீதம் கார்பன், அதனால் வியர்க்க வியர்க்க ஓடி வெளியே அனுப்பிய அந்த 40 கிராமும் சுமார் 95 கிராம் சர்க்கரையில் அடக்கம், உட்கார்ந்து சாப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. உடற்பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. தசைக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் அது செய்வதை வேறு எதுவும் செய்யாது. எடை என்று வந்தால் மட்டும், வாசலில் வெளியே போவதைவிட உள்ளே வருவதைக் கவனிப்பது எளிது.

சரி, எடை மெஷினுக்கு வருவோம். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் 2 கிலோ இறங்குகிறது, வீடே கொண்டாடுகிறது, மூன்றாவது வாரம் எண் அப்படியே நிற்கிறது, 'எனக்கெல்லாம் இது ஒத்துவராது' என்று ஆள் விட்டுவிடுகிறார். நடந்தது இதுதான்: கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்துக் கையிருப்பு அரை கிலோவரை இருக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் உடம்பு முதலில் கை வைப்பது இந்தக் கையிருப்பில்தான், கிளைக்கோஜன் போனால் அது பிடித்திருந்த தண்ணீரும் கூடவே போகும். கொண்டாடிய 2 கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டால் 'ஒரே நாளில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது' என்று அலறுகிறோமே, அதுவும் இதே தண்ணீர் திரும்பி வருவதுதான். உப்பு அதிகமானால் இன்னும் கொஞ்சம் தங்கும்.

உண்மையான கொழுப்பு இறங்கும் வேகம் என்ன? உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் (இதுவே லேசான காரியம் இல்லை) ஒரு நாளில் போவது 65 கிராம். தண்ணீரும் உப்பும் குடலில் இருப்பதும் சேர்ந்து எண்ணை தினமும் ஒரு கிலோ மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும்போது, 65 கிராம் எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது? சந்தை இரைச்சலில் ஒருவர் காதோரம் கிசுகிசுப்பது மாதிரி. கொழுப்பு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கும், மெஷின் மட்டும் மூன்று நாள் பிடிவாதமாக ஏறிக் காட்டும். நிறைய பேர் தோற்பது உடம்பிடம் இல்லை, இந்தக் கருவியிடம்தான் என்பது என் எண்ணம்.

இதோடு போனால் பரவாயில்லை. உடம்பு சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து 'கையிருப்பு இவ்வளவு' என்று மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தது. இளைக்கும்போது செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை, ஒவ்வொன்றும் சுருங்குகிறது, லெப்டினும் குறைகிறது. மூளைக்கு அது பஞ்சச் செய்தி. பசியைக் கூட்டு, செலவைக் குறை என்று உத்தரவு பறக்கிறது. இது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று ஆஸ்திரேலியாவில் 50 பேரிடம் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள்: எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசி சார்ந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அதனால் இளைத்த பிறகு மறுபடி எடை போட்டவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

தூக்கமும் இதில் மூக்கை நுழைக்கிறது. சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை ரெண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, லெப்டின் 18 சதவீதம் குறைவாகவும் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் அதிகமாகவும் இருந்தன. சின்ன ஆய்வுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிவரை போன் பார்த்த மறுநாள் கை தானாகத் தீனி டப்பாவுக்குப் போவதை அனுபவித்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

இப்படி வருடக்கணக்கில் இழுக்கிற ஒன்றோடு மன உறுதியை மட்டும் நம்பி மல்லுக்கட்ட முடியாது. சாப்பாட்டைக் கவனிப்பதும் உடம்பை அசைப்பதும் யோசிக்காமலே நடக்கும் வேலையாக மாறியாக வேண்டும். மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி இதற்குத்தான் உதவுகிறது: ஒரே சூழலில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், கொஞ்சநாளில் அந்தச் சூழலே செயலைத் தூண்டிவிடும், நடுவில் யோசனை தேவைப்படாது. பல் தேய்க்கலாமா வேண்டாமா என்று நாம் விவாதிப்பதில்லையே.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்லப்படுவதை நம்பாதீர்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் இது 18 முதல் 254 நாள்வரை மாறியது. எனக்குப் பிடித்தது அதிலிருந்த இன்னொரு விஷயம்: நடுவில் ஒருநாள் தவறவிட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஒருநாள் தவறியதும் 'போச்சு, இனி அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று நாமாகவே முடிவு கட்டுவதுதான் பாதிப்பு.

நான் செய்தது பெரிய திட்டம் எதுவும் இல்லை. தீனி டப்பாவைப் பரணில் ஏற்றினேன், எடுக்க ஸ்டூல் போட வேண்டும். நடக்கும் ஷூவைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், தாண்டாமல் போக முடியாத இடத்தில் வைத்தேன். முதல் வாரம் அதில் தடுக்கி விழப்பார்த்து அதையே திட்டிக்கொண்டேதான் மாட்டினேன். எப்போதிலிருந்து திட்டாமல் மாட்ட ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை.

காலை எடையை இப்போதும் தினமும் எழுதுகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்த பிறகுதான் எதையும் முடிவு செய்வது. இந்த வாரச் சராசரி போன வாரத்தைவிட 300 கிராம் குறைவு. இன்று காலை எண் மட்டும் நேற்றைவிட 600 கிராம் அதிகம், நேற்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருந்தது.