விழுந்த கல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

மேற்குச் சுவரில் ஏப்ரல் மாதம் ஒட்டிய எலிவேஷன் கற்களில் நாலைந்து, ஆடி முடிவதற்குள் பெயர்ந்து விழுந்துவிட்டன. கல் கனம் அதிகம் என்கிறார் கொத்தனார். பசை சரியில்லை என்கிறார் கல் விற்றவர். யார் சொல்வது உண்மை? சேலத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது.

கனத்தை முதலில் பார்த்துவிடலாம். சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. நம் ஊரில் அது வெறும் கருங்கல். ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ இருக்கும். 20 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர அடி வெட்டினால் 5 கிலோ. சரியாக இறுகிய உயர்ரக டைல் பசை, சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 1 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பது தரநிலை. சதுர அடிக்குக் கணக்கிட்டால் 9 டன்னுக்கும் மேல். 9 டன் தாங்கக்கூடிய பிடியில் 5 கிலோ கல் தொங்குகிறது. பசை தன் வலுவில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் எட்டியிருந்தாலும் 90 கிலோ தாங்கியிருக்கும். ஆகவே கனம் காரணமில்லை.

விழுந்த கல் இன்னும் வீட்டில் கிடந்தால் அதைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். பசை ஒட்டாமல் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தால், கல்லில் அறுப்புத் தூள் இருந்திருக்கிறது, அல்லது பசையில் பொருக்குத் தட்டிய பிறகு கல்லை வைத்திருக்கிறார்கள். பல் வைத்த கரணை இழுத்த பசை வரிகள் நசுங்காமல் அப்படியே சுவரில் நின்றால், பொருக்கு காரணமாக இருக்கலாம், அல்லது கல்லைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கலாம். பசையை நகத்தால் கீறும்போது அது மாவாக உதிர்ந்தால் சிமென்ட் தண்ணீர் இல்லாமல் பாதியில் நின்றுபோயிருக்கிறது. கல்லோடு பூச்சும் சேர்ந்து உரிந்து வந்திருந்தால் பசையின் மேல் குற்றமில்லை, பழைய பூச்சுதான் வலுவற்றது. முதுகில் ஐந்து உருண்டைகளின் தடம் மட்டும் இருந்தால், போண்டா வைப்பது போல் கலவையை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அப்படி ஒட்டும்போது கல்லின் பாதிப் பரப்புகூடச் சுவரைத் தொடுவதில்லை.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடிகின்றன: தண்ணீர். சிமென்ட் காய்ந்து கெட்டியாகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். காய்வது வேறு, இறுகுவது வேறு. களிமண் காய்கிறது. சிமென்ட் தண்ணீரைத் தனக்குள் இழுத்து, அதனோடு வேதிவினை புரிந்து, புதுக் கல்லாக வளர்கிறது. அந்தத் தண்ணீர் வெளியே போய்விட்டால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

அந்த வளர்ச்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சிமென்ட் துகள் ஒன்று தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. தண்ணீர் பட்டதும் அதன் மேற்பரப்பு கரைந்து கால்சியமும் சிலிக்கேட்டும் வெளிவருகின்றன. பிறகு ஓரிரு மணி நேரம் எதுவும் நடக்காதது போல் இருக்கும். கொத்தனார் கரணையை வீசி வேலை செய்வது இந்த இடைவெளியில்தான். அதன் பின் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் என்னும் கூழ், ஊசிகளாகவும் மெல்லிய தகடுகளாகவும் முளைக்கிறது. பக்கத்துத் துகளிலிருந்து முளைத்தவை வந்து பின்னிக்கொள்கின்றன. பூச்சின் நுண்துளைகளுக்குள்ளும் கல்லின் சொரசொரப்புக்குள்ளும் அவை இறங்கி, அங்கேயே வளர்ந்து, வேர் பிடித்தது போல் நின்றுவிடுகின்றன. இந்தக் கூழ் ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 200 சதுர மீட்டர் மேற்பரப்பு மடிந்து கிடக்கிறது. அவ்வளவு பரப்பு ஒன்றையொன்று தொடுவதால்தான் அவ்வளவு பிடி. உள்ளிருக்கும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் இந்த முளைப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். பிறகு என்ன செய்தாலும் அது பாதி வெந்த சோறுதான்.

சேலத்தின் சித்திரைப் பிற்பகலில் அந்தத் தண்ணீருக்கு மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். ஒருவர் சுவர். செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை தண்ணீர் குடிக்கக்கூடியது. அதன் மேலுள்ள பூச்சும் உறிஞ்சும். துளை எவ்வளவு சிறியதோ உறிஞ்சும் விசை அவ்வளவு அதிகம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல. இன்னொருவர் கல். கருங்கல்லும் கிரானைட்டும் அரை விழுக்காடுகூடக் குடிக்காது. மணற்கல் நன்றாகவே குடிக்கும். மூன்றாவது ஆள், எல்லோரும் மறந்துவிடும் ஆள், காற்று.

காற்று எவ்வளவு எடுக்கும்? சூடான, வறண்ட, காற்று வீசும் நாளில் ஈரமான பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு லிட்டர் ஆவியாகலாம். 6 மில்லிமீட்டர் கனத்தில் பசை இழுத்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 2 லிட்டர் தண்ணீர் இருக்கும். பத்து நிமிடம் திறந்து கிடந்தால் 160 மில்லி போகும். இரண்டு லிட்டரில் 160 மில்லி ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அது மொத்தக் கனத்திலிருந்தும் சமமாகப் போவதில்லை, மேலிருந்து போகிறது. மேல் அரை மில்லிமீட்டரில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள், அதே 160 மில்லி. கல் வந்து தொடப்போவது அந்த அரை மில்லிமீட்டரைத்தான். பாலில் ஆடை கட்டுவது போல் மேலே பொருக்குத் தட்டிவிடுகிறது. அடியில் பசை குழைவாகவே இருப்பதால் கொத்தனார் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. கல்லை அழுத்தினால் நிற்கவும் செய்கிறது. நாலு மாதம் கழித்துத்தான் விழுகிறது.

இதைத் தடுக்கத்தான் பசைத்தூளில் செல்லுலோஸ் ஈதர் சேர்க்கிறார்கள். மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு அது. 20 கிலோ பையில் 100 கிராம் அளவுக்குள்தான் இருக்கும். வெந்தயத்தை ஊறவைத்தால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிறதே, அதே வேலை: சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துக் கெட்டியாக்குவதால் சுவரும் காற்றும் அதை வேகமாக இழுக்க முடியாது. வெந்தயத்தில் அந்த வேலையைச் செய்வதும் இதற்கு உறவான ஒரு நீண்ட சங்கிலிப் பொருள்தான். பழைய சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களே என்று சிமென்ட் கலவையில் வெல்லத்தைக் கரைத்துவிடாதீர்கள். சர்க்கரை சிறிதளவு போனாலே சிமென்ட் இறுகுவது தள்ளிப்போகும்.

அந்த 100 கிராமுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பியத் தரநிலையில் பசையின் திறந்த நேரம், அதாவது இழுத்த பசை கல்லைப் பிடிக்கும் நிலையில் இருக்கும் நேரம், 20 நிமிடம் என்று அளப்பது 23 டிகிரி வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில். 40 டிகிரி வெயிலில் காற்றடிக்கும் சுவரில் அதை அப்படியே நம்பக்கூடாது, 5 நிமிடமே மிச்சமிருக்கலாம். நம் ஊர் வெயிலில், நம் பூச்சின் மேல், ஒவ்வொரு வகைக் கல்லுக்கும் இந்த நேரம் எவ்வளவு என்று அளந்து வெளியிட பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடிகாரம், வெப்பமானி, இழுத்துப் பார்க்கும் சோதனைக் கருவி போதும். சேலத்துப் பொறியியல் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது. இப்படிப்பட்ட சின்ன, உள்ளூர் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குவதுதான் வீடு கட்டுகிறவருக்கு நேரடியாகப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

வேலை முறைக்கு வருவோம். பூச்சு போட்டு 28 நாள் ஆகியிருக்க வேண்டும். பெயின்ட் இருந்தால் முழுக்கச் சுரண்டி, சுவரைக் கொத்திவிட வேண்டும். கல்லை முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நிழலில் அடுக்குங்கள், வெயிலில் கிடந்த கருங்கல் 60 டிகிரியைத் தொடும். கல்லின் முதுகில் வலையும் ரெசினும் ஒட்டியிருந்தால் சிமென்ட் பசை அதில் பிடிக்காது. எப்பாக்ஸி போன்ற பசைதான் வேண்டும், இல்லையேல் வலையை அரைத்தெடுக்க வேண்டும். சுவரை முந்தின மாலை நனைத்து, வேலைக்கு அரைமணி முன்பு மறுபடி தெளியுங்கள். தொட்டால் ஈரமாக இருக்க வேண்டும், பார்த்தால் பளபளக்கக்கூடாது. துளைகள் தண்ணீரால் நிரம்பி வழிந்தால் சிமென்ட் கூழ் உள்ளே இறங்க இடமிருக்காது. மேலே நிற்கும் ஈரப்படலம் பசையை அந்த இடத்தில் நீர்க்கவும் செய்துவிடும்.

20 கிலோ தூளுக்கு ஏறத்தாழ 5 லிட்டர், பையில் போட்டிருக்கும் அளவே கணக்கு. தண்ணீரில் தூளைப் போடுங்கள். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். கலக்கி 5 நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும், செல்லுலோஸ் ஈதர் கரைய அந்த நேரம் தேவை. டிரம் வெயிலில் நின்றால் தண்ணீரே சுட்டுவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வினை ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும் என்பதால், டிரம்மைச் சுற்றி நனைந்த கோணிச்சாக்கு கட்டுங்கள். 100 சதுர அடிக்கு 4 பை, கல்லின் முதுகில் பூச இன்னொரு பை.

10 அல்லது 12 மில்லிமீட்டர் பல் வைத்த கரணையால் ஒரே திசையில் வரி இழுக்க வேண்டும். ஒரு தடவை இரண்டு மூன்று கற்களுக்கு மட்டும். கல்லின் முதுகிலும் மெல்லியதாக அழுத்திப் பூசி, வரிகளுக்குக் குறுக்காக அசைத்து அழுத்தினால் வரிகள் நசுங்கிக் காற்று வெளியேறும். முதல் கல்லை உடனே பிரித்தெடுத்துப் பாருங்கள்: வெளிச்சுவருக்கு 95 விழுக்காடு பரப்பில் பசை படிந்திருக்க வேண்டும். இடையிடையே விரலால் பசையைத் தொடுங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் பொருக்குத் தட்டிவிட்டது. அதன் மேல் தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள், பசைத்தூளில் கலந்திருக்கும் பாலிமர் என்னும் பிளாஸ்டிக் போன்ற பொருள் ஏற்கெனவே படலம் கட்டியாகிவிட்டது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டியதுதான். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் செய்யுங்கள். சாரத்தில் பச்சை வலை கட்டி, ஒட்டிய பிறகும் மூன்று நாள் விட்டுவையுங்கள். பசைத்தூள் இல்லாமல் வெறும் சிமென்ட் கலவையில் ஒட்டினால் 10 நாள் ஈரம் காயவிடக்கூடாது.

இன்னொரு சங்கடம் நாட்காட்டியால் வருகிறது. வைகாசியில் கிரகப்பிரவேசம் குறித்துவிட்டால் கல் ஒட்டும் வேலை நேராக அக்னி நட்சத்திரத்தில் விழும். கத்திரியில் வீட்டு வேலை தொடங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு அஸ்திவாரத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் கல் ஒட்டுவதைத் தள்ளிப்போடுவதில்லை. பிறகு கல் விழுந்தால் கண் திருஷ்டி என்று பூசணிக்காய் கட்டுகிறார்கள். பால் காய்ச்சுவதற்கு முகப்பில் கல் இருக்கத் தேவையில்லை. ஆவணியிலோ ஐப்பசி மழை ஓய்ந்த பிறகோ ஒட்டலாம்.

சரியாக ஒட்டிய கல்லையும் பெயர்க்கக்கூடியது வெப்ப விரிவு. விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் கருங்கல், மாலை 4 மணிக்கு 65 டிகிரியை எட்டும். ஒரு அடி நீளக் கல் அதற்குள் 0.1 மில்லிமீட்டர் விரியும். பின்னால் உள்ள செங்கல் சுவர் அவ்வளவு சூடாவதில்லை, அதில் கால் பங்குதான் விரியும். வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன். தனிக் கல்லானால் பசையிலுள்ள பாலிமர் அதைத் தாங்கிக்கொள்ளும். கற்களை இடைவெளியே இல்லாமல் நெருக்கி 3 மீட்டருக்கு ஒட்டினால் பத்துத் தலைமுடி சேர்ந்துவிடும். கோடைமழை திடீரென்று கொட்டி, சூடேறிய கல் சில நிமிடத்தில் குளிரும்போது எல்லாம் திரும்ப இழுக்கும். இழுவை ஓரங்களில்தான் அதிகம் என்பதால் பெயர்வதும் ஓரத்தில் தொடங்கும். கற்களுக்கு நடுவே 5, 6 மில்லிமீட்டர் சந்து விடுங்கள். 3 மீட்டருக்கு ஒரு முறையும், கான்கிரீட் பீமும் செங்கலும் சேரும் கோட்டிலும், சிமென்ட்டுக்குப் பதில் சிலிக்கோன் போன்ற இழுபடும் பொருளால் நிரப்புங்கள். முதல் மாடிக்கு மேலே பசையோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பும் வேண்டும். இரும்பு ஆணி கூடாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கல்லை வெளியே தள்ளும்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. பனியும் மழையும் கல்லுக்குப் பின்னால் தண்ணீரைத் தேக்கும். அது சிமென்ட்டின் சுண்ணாம்பைக் கரைத்து வந்து கருங்கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். சந்துகளை நன்றாக அடைத்து, மேல் விளிம்பில் மழை இறங்காதபடி கல்மூடி வைத்தால் பெரும்பகுதி நிற்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சந்துப் பூச்சையும் சேர்த்து அரித்துவிடும்.

வாசகரின் சுவருக்கு வருகிறேன். விழாமல் நிற்கும் கற்களை ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி, பொள்ளென்று கேட்பவற்றின் மேல் சாக்கட்டியால் குறியிடுங்கள். அவற்றைக் கழற்றி, சுவரிலும் கல்லிலும் உள்ள பழைய பசையைப் பூச்சு தெரியும் வரை அரைத்தெடுக்க வேண்டும். பழைய பொருக்கின் மேல் புதுப்பசை வைத்தால் புதுப்பசை நிற்கும், பொருக்குதான் மறுபடி உரியும். கணீரென்று கேட்கும் கற்களைத் தொட வேண்டாம், ஆனால் அவை நெருக்கி ஒட்டியிருந்தால் 3 மீட்டருக்கு ஒரு கோடு அறுத்து சிலிக்கோன் நிரப்புங்கள். அறுக்கும்போது வரும் தூளைச் சந்துக்குள்ளிருந்து ஊதி எடுத்துவிட்டு நிரப்புங்கள், தூளின் மேல் சிலிக்கோனும் ஒட்டாது.