துளையிடும் முன் போடும் கணக்கு

காட்டுக்கு அடியில் ரயில் விடலாமா, காட்டைச் சுற்றிப் போக வேண்டுமா? சிங்கப்பூரில் குறுக்குத் தீவு ரயில் பாதையைத் திட்டமிட்டபோது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் நின்ற கேள்வி இது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை உள்ளடக்கிய மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அழுங்கும் அருகிவரும் இலைக்குரங்கும் அங்கே வாழ்கின்றன.

இப்படி ஒரு திட்டம் இயற்கையை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. சிங்கப்பூரில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. திட்ட அனுமதி நடைமுறைக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. கட்டப்போவது அரசாங்க அமைப்பே ஆனாலும், வனப்பகுதிக்கோ கடலோரத்துக்கோ பக்கத்தில் என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையமும் தேசியப் பூங்காக் கழகம் போன்றவையும் கூர்ந்து பார்த்து, ஆய்வு தேவையா என்று முடிவு செய்கின்றன.

முதல் வேலை, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று எழுதிவைப்பது. மரத்தில் கேமரா கட்டுகிறார்கள். இரவில் டார்ச் விளக்கோடு ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடந்து, கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் குறித்துக்கொள்கிறார்கள். ஓடைநீரையும் இரைச்சலையும் அளக்கிறார்கள். இதில் அவசரம் ஆகாது. வலசைப் பறவைகள் செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச் வாக்கில் போய்விடும். ஜூனில் மட்டும் எண்ணினால் அவை கணக்கிலேயே வராது.

பிறகு, பாதிப்பு எவ்வளவு பெரியது, அதைத் தாங்கப்போகும் உயிர் எவ்வளவு அரியது, நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பரிகாரத்துக்கும் ஒரு வரிசை உண்டு: தவிர்ப்பது முதலில், குறைப்பது அடுத்து, ஈடுகட்டுவது கடைசியில். மதிப்பீட்டின் உயிரே இந்த வரிசையில்தான் இருக்கிறது என்பேன்.

இந்த ரயில் பாதைக்கான மண் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். வனப்பகுதிக்குள் 72 துளைகள் போடுவதாக இருந்தது 16 ஆகக் குறைந்தது. அவையும் ஏற்கெனவே ஆள் நடக்கும் பாதைகளிலேயே. யந்திர இரைச்சலை அடக்கத் தடுப்பு, சேற்றுநீர் ஓடையில் கலக்காதிருக்கத் தொட்டி. இத்தனையும் செய்தால் பாதிப்பு மிதமாகும் என்றது 2016இல் வந்த மதிப்பீட்டு அறிக்கை. பாதிப்பே இராது என்று அது சொல்லவில்லை.

மதிப்பீடு முடிவெடுப்பதில்லை, முடிவெடுப்பவர் முன் கணக்கை வைக்கிறது. காட்டைச் சுற்றிப் போனால் சுமார் 2 பில்லியன் வெள்ளி கூடுதல் செலவு, பயணமும் 6 நிமிடம் நீளும். 2019 டிசம்பரில் அரசாங்கம் நேர்வழியையே தேர்ந்தெடுத்தது: ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம், வனப்பகுதிக்குள் தரைமேல் கட்டுமானம் கிடையாது.

ஆய்வுக்கு முன்பே வேலை தொடங்கினால் என்ன ஆகும் என்பது சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ள கிராஞ்சியில் தெரிந்தது. பல்லுயிர் ஆய்வு முடியும் முன்பே அங்கே காட்டின் ஒரு பகுதி தவறுதலாக அழிக்கப்பட்டது 2021 தொடக்கத்தில் வெளியே வந்தது. அந்த இடத்தில் என்னென்ன வாழ்ந்தன என்று இனி யாராலும் எண்ண முடியாது.

2020 முதல், ரகசியம் காக்க வேண்டியவை தவிர மற்ற அறிக்கைகள் பொதுவாக இணையத்தில் வெளியாகின்றன. ஒன்று கண்ணில் பட்டால், மாற்று வழிகளை அலசும் பகுதியை முதலில் படியுங்கள். அங்கே ஒரே ஒரு வழிதான் இருக்கிறதென்றால், கருத்துக் கேட்கும் காலம் முடிவதற்குள் ஏன் என்று எழுதிக் கேளுங்கள்.