லேப்டாப் கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால்

ஜூன் பிறந்துவிட்டால் கடைக்கு வருகிற கூட்டம் மாறிவிடும். பிளஸ் டூ முடித்த பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து வருவார்கள். கையில் பழுதான லேப்டாப் இருக்காது, கேள்வி மட்டும்தான் இருக்கும். "எந்தக் கம்பெனி சார் நல்ல கம்பெனி?" மற்ற மாதங்களில் வருகிறவர்கள் பேசுவது வேறு. "இனிமே அந்தக் கம்பெனி பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன் சார்." திருச்சியில் சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டை மாற்றாமல் அதிலிருக்கும் பழுதான சிப்பை மட்டும் மாற்றுகிற வேலை, பார்க்கும் எனக்கு இரண்டுமே பழகிப்போன பேச்சு. முதலில் அப்படிக் கேட்ட அதே அப்பா, பிள்ளை மூன்றாம் வருடம் படிக்கும்போது வந்து இப்படிச் சொல்வதும் உண்டு.

நம்பிக்கை வைத்தது ஒரு பெயர்மேல், கோபம் வந்ததும் அதே பெயர்மேல். லேப்டாப்பைப் பிரித்து வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் பெயரால் பெரிய உபயோகம் இல்லை. பின்மூடியைக் கழற்றியதும் நாங்கள் தேடுவது மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் போர்டு எண்ணை. எல்ஏ என்று தொடங்கினால் அது காம்பல் செய்த போர்டு. டிஏ0 என்றால் குவாண்டா. காம்பலும் குவாண்டாவும் தைவான் நிறுவனங்கள். கடையில் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற டெல், எச்பி, ஏசர், லெனோவா எல்லோருக்கும் லேப்டாப் செய்து கொடுத்தவை. சர்க்யூட் வரைபடத்தையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேடி எடுப்போம். இரண்டு வேறு பிராண்டு போர்டுகளில் சார்ஜிங் ஐசி ஒரே எண்ணில் இருக்கும். பழைய போர்டு ஒன்றிலிருந்து எடுத்ததை வேறு பிராண்டு போர்டில் வைத்து ஓடவிடுவது எங்களுக்கு அன்றாட வேலை.

கோளாறுகளும் பெயர் பார்த்து வருவதில்லை. 2006இல் சோனி தயாரித்த பேட்டரி செல்கள் தீப்பிடிக்கிற அபாயம் தெரியவந்தபோது, டெல் மட்டும் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. ஆப்பிள் 18 லட்சம். லெனோவாவும் தோஷிபாவும் அதே வரிசையில் நின்றன. 2008இல் என்விடியாவின் கிராபிக்ஸ் சிப்புகளில் சாலிடர் விட்டுப்போகிற பிரச்சினை வெடித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியிலிருக்கும் பொட்டுப் பொட்டான சாலிடர் இணைப்புகள் விரிசல் விட்டன. லேப்டாப் ஆன் ஆகும், திரை கறுப்பாகவே கிடக்கும். எச்பி பெவிலியன் வைத்திருந்தவர் எச்பியைத் திட்டினார், டெல் வைத்திருந்தவர் டெல்லைத் திட்டினார், மேக்புக் ப்ரோ வைத்திருந்தவர் ஆப்பிளிடம் போனார். மூன்று பேர் லேப்டாப்பிலும் செத்தது ஒரே வீட்டுச் சரக்கு. அந்தச் சமயத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயரே கைமாறிப்போன கதைகளும் இருக்கின்றன. 2002இல் எச்பி காம்பேக்கை வாங்கியது. ஐபிஎம்மின் பிசி வியாபாரம் 2005இல் லெனோவாவுக்குப் போனது. 2014இல் சோனி, வாயோவைக் கைகழுவியது. தோஷிபா லேப்டாப் இன்று டைனாபுக். "ஐபிஎம் மாதிரி வருமா சார்" என்று இன்றைக்கும் கேட்பவர் உண்டு. அவருடைய அபிமானம் எந்த விலாசத்துக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை!

இந்த அபிமானம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சொந்தக்காரர்களிடமிருந்து.

"எங்க மச்சான் அதே கம்பெனிதான் சார் வச்சிருக்காரு. ஏழு வருஷமாச்சு, ஒரு ரிப்பேர் கிடையாது."

"மச்சான் வச்சிருக்கிறது என்ன மாடல்ண்ணே?"

"மாடல் தெரியாது சார். ஆபீஸ்ல கொடுத்தது."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆபீஸில் கொடுத்தது டெல் என்றால் அநேகமாக லாட்டிட்யூட், எச்பி என்றால் எலைட்புக்கோ ப்ரோபுக்கோ, லெனோவா என்றால் திங்க்பேட். அவர் தன் மகளுக்குக் கேட்பது அதே கம்பெனியின் ஆரம்ப விலை வரிசை. மூடியில் இருக்கும் சின்னம் ஒன்றுதான். பாடி, ஹிஞ்ச், கீபோர்டு, ஃபேன், பிரித்துப் பார்க்க விடுகிற தாராளம் எல்லாமே வேறு. ஒரு கம்பெனியின் விலை குறைந்த வரிசை, அதே கம்பெனியின் ஆபீஸ் வரிசையைவிட, போட்டிக் கம்பெனியின் விலை குறைந்த வரிசைக்குத்தான் நெருங்கிய சொந்தம். கம்பெனி மாறினவர்கள் மறுபடி அதே பழுதோடு என்னிடம் வருவது இதனால்தான். பெயரை மாற்றினார்கள், வரிசையை மாற்றவில்லை.

அரசு கொடுத்த லேப்டாப்பும் இந்தக் கணக்கில் வரும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததுதான் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது பிள்ளை அல்ல, டெண்டர். ஆனாலும் அது நன்றாக உழைத்த வீட்டில் தம்பிக்கும் அதே கம்பெனி வேண்டும். மக்கர் செய்த வீட்டில் அந்தப் பெயரே ஆகாது.

விலை குறைந்த வரிசையில் என் மேசைக்கு ஓயாமல் வரும் பழுது ஹிஞ்ச். திரையைத் தாங்கும் அந்த இரும்புக் கீலை, பாடியின் பிளாஸ்டிக்கில் பதித்த பொடிப் பித்தளை நட்டுகளில் திருகியிருப்பார்கள். நாளாக ஆக ஹிஞ்ச் இறுகும். இறுகினதை ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறந்தால் இழுப்பு முழுவதும் அந்த நட்டுகளின்மேல் விழும். ஒருநாள் 'டக்'கென்று சத்தம் கேட்கும். பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு நட்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு திறக்கும்போதெல்லாம் அந்த மூலை வாயைப் பிளக்கும், அப்படியே விட்டால் திரையின் கேபிளும் நசுங்கும். நான் அரால்டைட் வைத்து நட்டை உட்காரவைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, ஹிஞ்சைக் கொஞ்சம் தளர்த்தித் தருவேன். அது ஓடும், ஆனால் புதுசு ஆகாது.

இதே லேப்டாப்பை வாரண்டி இருக்கும்போது சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், 'ஃபிசிகல் டேமேஜ்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவது சகஜம். கீழே போடாத பொருளுக்கு இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? நான் சொல்வது ஒன்றுதான். உடைந்த பிறகு போகாதீர்கள். திறக்க இறுக்கமாக இருக்கிறது, மூலையில் லேசாக இடைவெளி தெரிகிறது என்கிற கட்டத்திலேயே வீடியோ எடுத்து, புகாரைப் பதிவு செய்து, புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடி முழுசாக இருக்கும்போது 'நீங்கள் உடைத்துவிட்டீர்கள்' என்று சொல்ல வழியில்லை.

சர்வீஸ் சென்டர் என்றால் கம்பெனியே உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். வாரண்டி கொடுப்பது கம்பெனி. நம் ஊரில் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, பழுதை எழுதி ஜாப் ஷீட் போடுவது பெரும்பாலும் அதனிடம் ஒப்பந்தம் எடுத்த வேறு நிறுவனம். ஒரே நிறுவனம் இரண்டு மூன்று பிராண்டுக்கு வேலை பார்ப்பதும் உண்டு. அங்கே பொதுவாகப் போர்டில் சிப் மாற்ற மாட்டார்கள், போர்டையே மாற்றுவார்கள். வாரண்டி முடிந்திருந்தால் அதற்கு எஸ்டிமேட் வரும். புது லேப்டாப்பில் பாதி விலை என்று தாளில் பார்த்ததும் மனிதர் பொங்கிவிடுவார். 19 வோல்ட் லைனில் எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆனாலே லேப்டாப் ஆன் ஆகாது. பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட் அளவுக்கு அந்த லைனில் கொடுத்துவிட்டு, போர்டின்மேல் ஐபிஏ என்கிற, சீக்கிரம் காய்கிற ஆல்கஹாலைத் தடவிப் பார்ப்பேன். ஷார்ட் ஆன இடம் சூடாகி அங்கே மட்டும் ஈரம் சட்டென்று காயும். அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. எல்லாப் போர்டும் இப்படி எளிதில் எழுந்துவிடாது, பிராசசரே போயிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வாரண்டி முடிந்த லேப்டாப்புக்கு போர்டு எஸ்டிமேட் வந்தால், அந்தப் பிராண்டைச் சபித்துவிட்டுப் புதுசு வாங்குவதற்கு முன் சிப் லெவல் பார்க்கிற ஒருவரிடம் காட்டுங்கள். வாரண்டி இருந்தால் மட்டும் எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவராதீர்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொரு எரிச்சல் சமீப காலமாக அதிகம். வாரண்டியில் போர்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், காசும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் நீலத் திரையில் பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் டிஸ்க் பூட்டு 48 இலக்க எண் கேட்கிறது. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் முறை உள்ளே போகும்போதே பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். சாவியைக் காத்து வைத்திருக்கிற டிபிஎம் என்கிற பாதுகாப்புப் பகுதி போர்டோடு சேர்ந்தது. போர்டு மாறினால் அதற்குப் பழைய டிஸ்க்கை அடையாளம் தெரியாது. அந்த 48 இலக்கம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாகத்தான் இருக்கும். கணக்கு யாருடையது? வாங்கின அன்றைக்கு 'செட்டப் பண்ணித் தர்றேன்கா' என்று கடைப் பையன் அவசரத்துக்குப் போட்ட ஏதோ ஒரு மெயில் ஐடி. அந்தப் பையன் இப்போது அந்தக் கடையிலேயே இல்லை. ஆராய்ச்சிப் படிப்பின் மொத்த வேலையையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு என் முன்னால் அழுத மாணவி ஒருவருக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அவரும் லேப்டாப் கம்பெனியைத்தான் திட்டினார். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் போய் எந்த மெயில் ஐடி இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் மாற்றுங்கள், மீட்புச் சாவியான அந்த 48 இலக்கத்தை அச்செடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றி இரண்டு வார்த்தை. அது காலத்தை நீட்டும், காபி கொட்டினாலும் கீழே விழுந்தாலும் காப்பாற்றாது. அதற்கு விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக எடுக்க வேண்டும். ஷோரூமில் தள்ளிவிடுகிற சில திட்டங்களைத் தருவது லேப்டாப் கம்பெனியே இல்லை. கையெழுத்துக்கு முன் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைக்கிறதா என்று தேடுங்கள். டெல், எச்பி, லெனோவா மூன்றுமே பல மாடல்களுக்கு இலவசமாகவே போட்டிருக்கின்றன. படம் பார்த்தாலே புரியும். ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டிலேயே சாலிடர் செய்ததா? 8 ஜிபி சாலிடர் என்றால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான். 'நாளைக்கு ஏத்திக்கலாம் சார்' என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி வந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வந்ததும் சீரியல் எண்ணைத் தளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். கிடங்கிலிருந்து கிளம்பின தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்திருக்கும் சில லேப்டாப்களில். பில்லை அனுப்பினால் திருத்தித் தருவார்கள்.

ஆப்பிள்காரர்களிடம் ஒரு விஷயத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். 2015இல் மேக்புக்கில் வந்த அந்த 'பட்டாம்பூச்சி' கீபோர்டில் ஒரு துளித் தூசி போனாலே எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழவே விழாது. அவர்கள் ஆப்பிளை விட்டுப் போய்விடவில்லை, ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. புகார் கொடுத்தார்கள், அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். 2018 ஜூனில் கீபோர்டை இலவசமாகச் சரிசெய்யும் திட்டம் வந்தது. 2019 கடைசியில் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரி வகை கீபோர்டே திரும்பியது. 2022இல் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்தது.

நம் ஆட்களின் கோபம் என் கடை கவுண்டரிலேயே தீர்ந்துவிடுகிறது. என்னிடம் அரைமணி நேரம் கொட்டியவரிடம் "கம்பெனிக்கு மெயில் போட்டீங்களா?" என்று கேட்டால், "அவனுக்கு எதுக்கு சார்" என்பார். போன் செய்திருப்பார், பத்து தடவை. போனில் பேசியது எதற்கும் அவர் கையில் சாட்சி இல்லை. மெயில் அனுப்புங்கள், சீரியல் எண்ணும் பில்லும் ஜாப் ஷீட்டும் இணைத்து. ஜாப் ஷீட்டில் நீங்கள் சொன்ன புகாரை அவர்கள் சுருக்கி எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போது நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கண்முன்னாலேயே.

பதில் வரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். 2019 சட்டம் வந்த பிறகு இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது. கம்பெனியின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தால் என்ன, புகார்தாரர் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். துறையூர்க்காரர் பெங்களூருக்குப் போக வேண்டாம், திருச்சி ஆணையமே போதும்.