குவில்ட்: தமிழில் அடுக்குப்போர்வை

கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் உறவினர் கொண்டுவரும் பெட்டிகள் வழியாகக் குவில்ட் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. பெயரில்தான் தடுமாற்றம். மெத்தைப் போர்வை என்பார் ஒருவர், ஒட்டுப்போர்வை என்பார் இன்னொருவர்.

மேல் துணி, அடித்துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ. மூன்றையும் ஊடுருவிப் பிடித்திருக்கும் தையல்தான் குவில்ட். அந்தத் தையல் இல்லையென்றால் அது பஞ்சு திணித்த உறை, அவ்வளவே. இலத்தீனில் மெத்தையைக் குறித்த ‘குல்கிதா’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இப்படியானது.

நம்மிடம் கந்தை என்ற சொல் இருக்கிறது. வடமொழியில் ‘கந்தா’ ஒட்டுப்போட்டுத் தைத்த உடை. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டமாகத் தைக்கும் போர்வைக்கு அதே பெயர்தான், அங்கே அது கொண்டாடப்படும் கைவேலை. தமிழிலோ ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற கிழிசல் பொருளே நிலைத்துவிட்டது. சிறுவர் இல்லத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் தானமாகத் தைத்துக் கொடுக்கும் போர்வையைக் கந்தை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒட்டுப்போர்வையும் பொருந்தாது. துண்டுத் துணிகளை இணைக்கும் ஒட்டுவேலை மேல் துணிக்கு மட்டும் உரியது, ஒரே துணியிலும் குவில்ட் தைக்கலாம். ஆகவே அடுக்குப்போர்வை. அதைத் தைக்கும் வேலை அடுக்குத்தையல்.

கையால் தைத்ததே அசல், இயந்திரத்தில் தைத்தது போலி என்று தீர்ப்புச் சொல்பவர்கள் குவில்ட் என்ற சொல்லின் பொருளைப் பார்க்க வேண்டும். அடுக்குகளைப் பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி. தானமாகப் போகும் போர்வை கிணற்றடிக் கல்லில் அடிபடும். தையல் வரிசைகள் எட்ட எட்ட இருந்தால் உள்ளே பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். இலவம் பஞ்சு நனைந்தால் கட்டிபட்டுப்போகும், காய்வதற்கும் நாளாகும். எங்கள் வெக்கைக்குப் பஞ்சே வேண்டாம். துவைத்துத் துவைத்து மெதுமையான நூற்சேலை ஒன்றை நடுவில் வைத்து நெருக்கமாகத் தைத்தால் மார்கழிப் பனிக்குப் போதும்.

தைத்துப் பழகியதையும் கோணலாகப் போனதையும் ‘முதியோர் இல்லத்துக்குத்தானே’ என்று ஒதுக்கி வைப்பது மிகத் தவறு. கோணலை மன்னிக்கலாம், பிரியும் தையலை மன்னிக்க முடியாது. சிவப்புத் துணியை முதலில் தனியே நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே வெட்டுங்கள். இல்லத்தாரிடம் கட்டிலின் அளவைக் கேளுங்கள். ஓரப்பட்டியை இரட்டைத் தையலாக அடித்துக் கொடுங்கள்.